பதினெட்டாம் நம்பர் டோக்கன்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். மற்றவர்கள் என்னைப் பற்றி நல்லதாகச் சொன்னது அது ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றபோதுகூட கிளாஸ் டீச்சர் அம்மாவிடம், "எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், வீணாப் போகுதே" என்றுதான் வருத்தப்பட்டார். நின்றதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எழுந்து நின்று பாடம் படிக்கச் சொல்வார்கள். நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வாயைத் திறந்தால் எனக்குக் காற்றுதான் வரும், குரல் வராது. ஒரு வருடம் அப்படி நின்றேன். பிறகு போகவில்லை.

பேச வராததை நோட்டில் எழுதிவைப்பது அப்போது வந்த பழக்கம். இது பதினோராவது நோட்டு. வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கிழித்துப்போடுகிறவர்கள் இல்லை, ஆனால் கேள்வி கேட்பார்கள். கேள்வி என்றால் பதில் சொல்ல வேண்டும்.

இன்று மதியம், என்னோடு வேலை செய்த பெண்ணின் அம்மா ஞானம்மாள் வந்துவிட்டுப் போனார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்தால் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன். ஒரு வருடமாக உடம்பில் ஒரு அசதி இருக்கிறது. டாக்டர் ரத்தம் குறைவு என்றார். பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னார், சாப்பிடுகிறேன்.

நான் வேலை செய்த கம்பெனி திருமுடிவாக்கத்தில், தொழிற்பேட்டைக்குள்ளே இருந்தது. வண்டிகளுக்கு சீட் தைப்பார்கள். ஃபோம் வெட்டி, ரெக்ஸின் தைத்து, மறைமலை நகர் பக்கம் அனுப்புவார்கள். ஓனர் லக்ஷ்மிநாராயணன் சார். அவருக்குக் கீழே சூப்பர்வைசர் ராஜகோபால் சார். அவர்களை விட்டால் முப்பத்து நாலு பேர், பெரும்பாலும் பெண்கள். எனக்கு நூல் பிசிறு வெட்டுகிற வேலை. சேர்ந்த மூன்றாம் மாதம் ராஜகோபால் சார் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வருகைப் பதிவேட்டையும் என்னிடம் கொடுத்தார். காலையில் எட்டரைக்கு ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று பத்துக்கு ஒரு முறை. பத்து நிமிட வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை. பலகையைப் பார்த்து எழுதினால் போதும்.

பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பலகை மாட்டியிருந்தது. அதில் மேலே ஒரு வரிசை ஆணி, கீழே ஒரு வரிசை ஆணி. மேல் வரிசைக்குப் பச்சைப் பெயின்ட், கீழ் வரிசைக்குச் சிவப்பு. ஆளுக்கொரு பித்தளை டோக்கன், நம்பர் அடித்தது. உள்ளே வரும்போது நம் டோக்கனைச் சிவப்பிலிருந்து எடுத்துப் பச்சையில் மாட்ட வேண்டும், வீட்டுக்குப் போகும்போது மறுபடி சிவப்பில். பச்சை என்றால் ஆள் உள்ளே இருக்கிறார். சிவப்பு என்றால் இல்லை. மதியத்தோடு போகிறவர்கள் டோக்கனை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், அரை நாள் சம்பளம் போகும், அவ்வளவுதான். தனியாக யாரிடமும் சொல்ல வேண்டாம். "பலகை பொய் சொல்லாதும்மா, மனுஷன்தான் சொல்லுவான்" என்று ராஜகோபால் சார் அடிக்கடி சொல்வார்.

நானும் பொய் எழுதியதில்லை. இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருடம் நாலு மாதம் அந்தப் பதிவேட்டை எழுதினேன். பலகையில் இருந்ததைத் தவிர ஒரு எழுத்து அதில் இல்லை.

என் நம்பர் பதினேழு. பதினெட்டு அருள்மேரி.

அவள் வீடு கடப்பேரியில், எங்கள் வீடு முடிச்சூரில். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துகொள்வோம். அங்கிருந்து பல்லாவரம், பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் பஸ். காலையில் அந்த இரண்டு பஸ்ஸும் எனக்கு நரகம். முதுகில் யாராவது மோதிக்கொண்டே இருப்பார்கள். கண்டக்டர் என்னிடம் வந்து நின்றால் எனக்கு ஊர்ப்பெயர் வராது. முதல் நாள் அப்படித்தான் நின்றேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண், "ரெண்டு பல்லாவரம் குடுங்கண்ணா. இவ பேசமாட்டா, வாய்ல கொழுக்கட்ட வச்சிகினு கீறா" என்றாள். பஸ்ஸே சிரித்தது. அந்தப் பெண்தான் அருள்மேரி. என்னை அதற்கு முன்னால் அவள் பார்த்ததே இல்லை. என் கையில் இருந்த கம்பெனிச் சீட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

அன்றிலிருந்து எனக்கு வேண்டியதையெல்லாம் அவள்தான் பேசினாள். பஸ்ஸில், கடையில், ராஜகோபால் சாரிடம். எனக்குத் தலைவலி என்றால் அவள் போய்ச் சொல்வாள். போனஸ் கொடுக்கும் நாளில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு ஃபோம் ஷீட்டை விரித்து எல்லோரும் உட்காருவோம். ஓனர் சார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, கவரையும் அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸையும் இரண்டு கையாலும் கொடுப்பார். "காந்திமதி" என்று கூப்பிட்டால் என்னால் குரல் கொடுக்க முடியாது. பின்னாலிருந்து அவள், "தோ வந்துகினே கீறா சார், கவர கெட்டியா புடிச்சிக்கங்க" என்பாள். ஓனர் சாரும் சிரிப்பார். எழுந்து போவதற்குள் எனக்கு வேர்த்துவிடும்.

அவள் நல்லவள் இல்லை என்று நான் எங்கும் எழுதியதில்லை. பழைய நோட்டுகளைப் பார்த்தாலும் தெரியும்.

தொண்ணூற்றாறு தீபாவளிக்கு போனஸ் கொடுத்து முடித்ததும் ஓனர் சார் ஒரு விஷயம் சொன்னார். ஒரு மாதச் சம்பளம் எப்போதும்போல எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல், நாளையிலிருந்து அடுத்த தீபாவளி போனஸ் நாள் வரைக்கும் ஒரு நாள்கூட, அரை நாள்கூட லீவு போடாதவர்களுக்கு காலால் மிதிக்கிற தையல் மெஷின் ஒன்று, புதுசு, மர மேஜையும் இழுப்பறையும் சேர்ந்தது. ஒன்றுதான் வாங்க முடியும், இரண்டு பேர் இருந்தால் பெயர் எழுதிச் சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார். பொங்கல் முடிந்தால் கம்பெனியில் பாதிப் பேர் வருவதில்லை. அந்தக் கஷ்டம் அவருக்கு.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எனக்கு அந்த மெஷின் கண்ணுக்கு முன்னால் நின்றது. எங்கள் வீட்டு ஜன்னல் ஓரம் போட்டால் சரியாக இருக்கும். ஜாக்கெட் தைக்க எனக்குத் தெரியும். அக்கம்பக்கத்துப் பெண்கள் துணியையும் அளவு ஜாக்கெட்டையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் உள்ளே உட்கார்ந்து தைப்பேன். பஸ் இல்லை. கண்டக்டர் இல்லை. முப்பத்து நாலு பேர் இல்லை. காலை எழுந்ததும் வயிற்றைப் பிடிக்கிற அந்தப் பயம் இல்லை. எனக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சில பேருக்குக் கல்யாணம், சில பேருக்கு நகை. எனக்கு ஒரு கதவும் அதற்குப் பின்னால் ஒரு மெஷினும்.

வருடம் போகப்போக போட்டியிலிருந்து ஆட்கள் உதிர்ந்தார்கள். பொங்கலில் பதினைந்து பேர் போனார்கள். கூடத் தைக்கிற பேபி அக்காவுக்குப் பெண்ணின் காதுகுத்து வந்தது. இரண்டு பேருக்கு அம்மை போட்டது. ஒரு நாள் குன்றத்தூர் பஸ் ஓடவில்லை. அன்று நானும் அருள்மேரியும் பல்லாவரத்திலிருந்து நடந்தே வந்தோம், எனக்கு நூற்று ஒன்று காய்ச்சல். வழி முழுக்க அவள் என் டிபன் பையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைத்தபோது, பதிவேட்டில் ஒரு கோடுகூட விழாமல் இருந்தது இரண்டு நம்பர்தான். எழுதுகிறவள் நான் என்பதால் முதலில் எனக்குத்தான் தெரிந்தது.

அவளிடம் சொன்னேன். பல்லாவரம் பஸ் ஸ்டாப்பில். அவள் அடக்கமாட்டாமல் சிரித்தாள். "எனுக்கு வுழுந்தா வித்துட்டு அம்மாவ வேளாங்கண்ணி இட்டுகினு போவேன்" என்றாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"உனுக்குக் கெடச்சா நீ இன்னா பண்ணுவே, எனுக்குத் தெரியும். கதவ சாத்திகினு உள்ள குந்திப்பே. அப்புறம் உன்ன எவ பாக்கறது? அதுக்காச்சும் நான்தாண்டி ஜெயிக்கணும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். பாசத்தில் சொன்னாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் அந்த வார்த்தையை அன்று நோட்டில் எழுதினேன். மறுநாளும் எழுதினேன். விற்றுவிடுவதற்கு ஒருத்திக்கு, வாழ்வதற்கு ஒருத்திக்கு. குலுக்கலில் இரண்டும் ஒரே மாதிரி மடித்த சீட்டு. அது நியாயமாக எனக்குப் படவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அதற்குப் பிறகும் அவளோடுதான் வந்தேன், அவளோடுதான் சாப்பிட்டேன். அவளுக்கு என்னை எப்படியாவது பேசவைத்துவிட வேண்டும் என்று ஆசை. "ஒரு தபா, ஒரே ஒரு தபா நீ சத்தமா பேசி நான் கேக்கணும்டி. அன்னிக்கு உனுக்கு பிரியாணி" என்பாள். பந்தயம் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

போனஸ் நாள் திங்கட்கிழமை என்று முடிவாகியிருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

காலையிலிருந்து மழை. அருள்மேரிக்கு மாதாமாதம் வருகிற வலி அன்று அதிகமாக இருந்தது. அவள் அதற்காக லீவு போட்டதே இல்லை. கம்பெனிக்குள்ளே பின்பக்கம் இரும்பு ஏணி வைத்து, பரண் மாதிரி ஒரு தட்டு உண்டு, துண்டு ஃபோமை மூட்டை கட்டி அங்கேதான் போடுவார்கள். ரொம்ப முடியாவிட்டால் ஏறி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் சுருண்டு கிடப்பாள். பக்கத்து மெஷின்காரி அவள் பங்கையும் தைத்துவிடுவாள். அன்று பக்கத்து மெஷின்காரி லீவு. சாப்பிட்டுக் கை கழுவும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்.

"முடியலடி. மேல போயி கொஞ்சம் கட்டய சாய்க்கிறேன். மூணு மணிக்கு டீக்கு வந்து எழுப்பு. சாருக்குத் தெரிஞ்சா அரை நாள் கட் பண்ணிடுவாரு, பாத்துக்கோ."

தலையாட்டினேன். அவள் ஏணியில் ஏறும்போது செருப்பைக் கழற்றி ஏணிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள், கண்ணில் படாமல் இருக்க.

ஒன்று பத்துக்குப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றேன். பலகையில் முப்பத்திரண்டு டோக்கன் பச்சையில் இருந்தன, இரண்டு சிவப்பில். பதினேழும் பதினெட்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. அவள் வேலை செய்யவில்லை, தூங்குகிறாள். அப்படிப் பார்த்தால் பச்சையில் அந்த டோக்கன் இருப்பதுதான் பொய். எனக்கு அப்படித் தோன்றியது. இப்போதும் அந்த யோசனையில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

ஒரு விரல் போதும். ஆணியிலிருந்து தூக்கி, கீழே மாட்டினேன். பிறகு பலகையைப் பார்த்துப் பதிவேட்டை எழுதினேன். பதினெட்டுக்கு நேரே அரை நாள். மை உலர ஊதிவிட்டு மூடினேன்.

அவ்வளவுதான் நான் செய்ய நினைத்தது. மூன்று மணிக்கு எழுப்பலாம் என்றுதான் இருந்தேன்.

நெருப்பை நான் வைக்கவில்லை. அதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை. ரெக்ஸின் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஒயர் வெகுநாளாகவே டேப் சுற்றிக் கிடந்தது. மழை ஈரம். இரண்டேகாலுக்கு அங்கே ஒரு பொறி வந்தது. ஃபோம் எரிவதைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது. எண்ணெய் மாதிரி எரியும். புகை கறுப்பாக, தரைக்கு ஒரு முழம் மேலே வரை இறங்கிவிட்டது. ஆனால் எல்லோரும் ஒழுங்காக வெளியே வந்தோம், யாரும் யாரையும் தள்ளவில்லை. ராஜகோபால் சார் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். இப்படி ஏதாவது நடந்தால் முதலில் தலையை எண்ண வேண்டும் என்று அவருக்கு எங்கோ வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். ஓனர் சார் பிறகு அதற்காக என்னைப் பாராட்டினார். கணக்குப் புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன, மிஞ்சியது அது ஒன்றுதான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் மழையில் நின்றோம். ராஜகோபால் சார் பச்சை வரிசையை எண்ணினார், முப்பத்தொன்று. எங்களை எண்ணினார், முப்பத்தொன்று. இரண்டாவது தடவையும் எண்ணினார். சரியாக இருந்தது. பக்கத்துக் கம்பெனியிலிருந்து நாலைந்து ஆண்கள் ஈரச் சாக்கோடு ஓடிவந்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். அவர்கள் உள்ளே போகத் தயாராகத்தான் இருந்தார்கள். அப்போது முன்பக்கம்தான் எரிந்துகொண்டிருந்தது, பின்பக்கக் கதவு வழியாகப் போயிருக்கலாம். ராஜகோபால் சார் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்து, "யாரும் இல்ல, ரிஸ்க் எடுக்காதீங்க" என்றார்.

கொஞ்ச நேரத்தில் கூரையிலிருந்து சத்தம் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் வெடிக்கும், அதுதான் சத்தம் என்று யாரோ சொன்னார்கள். சரியாகத்தான் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தது என்பது மட்டும் எனக்கு நினைவு இருக்கிறது. பிறகு நின்றுவிட்டது.

தீயணைப்பு வண்டி வந்து, அணைத்து, உள்ளே போனபோது சாயங்காலம் ஆகிவிட்டது. ஏணி அப்படியே நின்றது. அவள் தட்டின் ஓரத்தில், சுவர்ப்பக்கமாக இருந்தாள் என்றார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று பேபி அக்கா என் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். நெருங்கிய சிநேகிதி என்பதால் என்னைத்தான் எல்லோரும் தேற்றினார்கள்.

போலீஸ் வந்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள். பதிவேட்டைப் பார்த்தார்கள். பதினெட்டாம் நம்பர் மதியமே வெளியே போய்விட்டது என்று அதில் தெளிவாக இருந்தது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. ஒருவர், இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்களே என்றார். அப்படியானால் அவள் யாருக்கும் தெரியாமல் திரும்ப உள்ளே வந்திருக்கிறாள். எதற்கு வந்தாள் என்பதற்கும் தானாக ஒரு பதில் வந்துவிட்டது. தட்டில் துண்டு ஃபோமும் ரெக்ஸினும் கிடந்தன, வெளியே விற்றால் காசு. தீபாவளி நேரம். யாரும் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வேறு எப்படி யோசித்தாலும் பலகையோடு பொருந்தவில்லை, அதனால் சொன்னார்கள். வேலையில் இருந்தபோது நடந்த சாவு இல்லை என்று ஆகிவிட்டதால் நஷ்டஈடும் இல்லை.

ஓனர் சார் சொன்ன சொல் தவறாதவர். தீபாவளிக்கு முதல் நாள், பக்கத்துக் கம்பெனி ஷெட்டை இரவல் வாங்கி, கடன் வாங்கி, எல்லோருக்கும் போனஸ் கொடுத்தார். கவர்களில் பெயர் எழுதுவது என் வேலை. முன்கூட்டியே வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதிவைத்திருந்தேன், அதனால் அவை எரியவில்லை. பதினெட்டாம் நம்பர் கவரும் இருந்தது. அருள்மேரிக்குப் பதிலாக அவள் அம்மா ஞானம்மாள் வந்திருந்தார். கவரை வாங்கி, மேலே எழுதியிருந்த பெயரைத் தடவிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஸ்வீட் பாக்ஸை மட்டும் வேண்டாம் என்றார்.

கடைசியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பின்னாலிருந்து யாரும் பதில் சொல்லவில்லை. நானே எழுந்து போனேன். "சந்தோஷமா குடுக்க முடியலம்மா. ஆனா வருஷம் பூரா நீ வந்திருக்கே, உனக்கு உரியது" என்றார் ஓனர் சார். மெஷின் மூலையில் துணி மூடி இருந்தது. குலுக்கல் தேவைப்படவில்லை.

இதோ, இந்த மெஷின்மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். ஜன்னல் ஓரம் சரியாகப் பொருந்தியது. நான் நினைத்தது போலவே எல்லாம் நடக்கிறது. துணி வருகிறது, தைத்துக் கொடுக்கிறேன். ஒரு வருடமாக நான் பஸ் ஏறவில்லை. தெருமுனைக் கடைக்குக்கூட அம்மாதான் போகிறாள். காலை எழுந்தால் வயிற்றில் பயம் இல்லை. அசதி மட்டும்தான் இருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு ஞானம்மாள் ஒரு ஜாக்கெட் துணி கொண்டுவந்து கொடுத்தார். அருள்மேரிக்கென்று வாங்கிவைத்தது, மனசு கேட்கவில்லை, தன் அளவுக்கே தைத்துப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். தைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. ஈஸ்டருக்கும் ஒன்று தைத்தேன், அதற்கும் வாங்கவில்லை. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

இன்று வந்தவர் துணி கொண்டுவரவில்லை. முழுவெள்ளைத் தாள் நாலு கொண்டுவந்தார். தெரிந்த வக்கீல் ஒருவர் மனு எழுதிக் கொண்டுவரச் சொன்னாராம். கதவருகே தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"துட்டுக்கோசரம் இல்லம்மா. திருடறதுக்குத் திரும்பி வந்தான்னு கடப்பேரி பூரா சொல்லிகினு கீறாங்க. கோயில்ல என் பக்கத்துல குந்த மாட்டேன்றாங்க. எம்பொண்ணு உள்ளதான் இருந்தா. அந்த டோக்கன் எப்படி எறங்குச்சின்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொன்னா போதுமாம். வக்கீலு சொல்றாரு."

தாள்களை என் பக்கம் நகர்த்தினார். "உங்கிட்ட சொல்லாம அவ எங்கயும் போமாட்டாளேம்மா, காந்திமதி. உங்கிட்ட இன்னா சொல்லிட்டுப் போனா?"

எனக்குக் குரல் வரவில்லை. அவருக்கு என்னைத் தெரியும். "சரி வுடு, நீதான் பேசமாட்டியே. எழுதிக் குடு, அது போதும். உன் எழுத்து முத்து மாதிரி கீதுன்னு அவதான் சொல்லுவா" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம் வந்தது. என் மகள் மதியம் ஒரு மணிக்கு வெளியே சென்றதாகப் பதிவேட்டில் இருக்கிறது, டோக்கன் எப்படிச் சிவப்பு வரிசைக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது, ஐயா அவர்கள் விசாரித்து நீதி வழங்க வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். உதட்டை அசைத்தேன், முடியவில்லை. வேண்டாம் என்று கையை அமர்த்திவிட்டு, காட்டிய இடத்தில் கைநாட்டாக விரலை உருட்டினார். மனு ஞானம்மாள் பெயரில் இருக்கிறது. அவருக்குத் தெரியாது என்பது உண்மைதான். அதிலும் நான் பொய் எழுதவில்லை.

இங்கேயும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன். நோட்டை மூடி மெஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டால், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று ஆகிவிடும். சாவி என் கழுத்துக் கயிற்றில் இருக்கிறது.

ஒன்று மட்டும் மேலே விட்டுப்போயிற்று. ராஜகோபால் சார் பலகையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார் என்று எழுதினேன். நடுவில் கொஞ்சம் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் முழுசாக இருக்காது.

அவர் எண்ணி முடித்தபோது பேபி அக்கா, "சார், அருள்மேரியக் காணோமே. எங்கூடத்தான சாப்ட்டா" என்றார். ஈரச் சாக்கோடு வந்த ஆண்கள் நின்றார்கள். ராஜகோபால் சார் சிவப்பு வரிசையில் விரலை வைத்துத் தேடினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"காந்திமதி, பதினெட்டு எங்கம்மா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எப்போதும் இந்த இடத்தில் பின்னாலிருந்து அவள் குரல் வரும். அவள் கீழே இறங்கி வந்தால் என்ன பேசுவாள் என்று யோசித்தேன். டோக்கனைப் பார்ப்பாள். பதிவேட்டை எழுதுகிறவள் யார் என்பது அவளுக்குத் தெரியும். அவள் பேசினால் எல்லோரும் கேட்பார்கள், எப்போதும் கேட்பார்கள். அன்று எனக்கு அவகாசம் நிறைய இருந்தது போலத் தோன்றியது, ஆனால் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்திருக்கும்.

"பதினெட்டு ஒரு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டா சார்" என்றேன். "நான்தான் பார்த்தேன். பஸ் ஏறிட்டா."

மழைச் சத்தத்துக்கு மேலே, ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை கேட்கிற மாதிரி சொன்னேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தும் குரல் நடுங்கவில்லை. நான் சத்தமாகப் பேசி ஒரு தடவை கேட்க வேண்டும் என்று அவள்தான் ஆசைப்பட்டாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.